பச்சை குத்தியவர் எல்லாம் குண்டர் கும்பலா? ஜப்பானிலிருந்து சிராங்கூன் சாலை வரை

ஜப்பானுக்கு டிக்கெட் போட்டாச்சு. ஹோட்டலும் பதிவு செய்தாச்சு. மலையடிவாரத்தில் இருக்கும் வெந்நீர் ஊற்றில் ஒருமுறை குளித்துவிட வேண்டும் என்று ஆசையோடு போய் நிற்கிறீர்கள். வாசலில் ஒரு பலகை. பச்சை குத்தியவர்களுக்கு அனுமதி இல்லை. உங்கள் தோளில் இருப்பது ஒரு சின்ன வேல், அல்லது பிள்ளையின் பெயர். அதற்கும் ஜப்பானியக் குண்டர் கும்பலுக்கும் என்ன சம்பந்தம்?

இது யாருக்கோ நடக்கும் கதை இல்லை. 2024ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரிலிருந்து ஜப்பானுக்குச் சென்ற பயணங்கள் 650,000க்கும் அதிகம். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்க அவ்வளவு தூரம் பறக்க வேண்டியதும் இல்லை. பதினெட்டு வயது மகன் முழங்கையில் ஒரு புலியோடு வீட்டுக்கு வந்தால், நம் வீட்டு வரவேற்பறையிலும் அதே கேள்விதான். "என்னடா இது, கேங்ல சேர்ந்துட்டியா?"

இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான். அதற்குப் பின்னால் இருக்கும் சட்டமோ நேர்மாறானது. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்கப்போகிறோம்.

யாக்குசா ஏன் உடல் முழுக்கப் பச்சை குத்திக்கொள்கிறது?

யாக்குசா என்பது ஒரே ஒரு கும்பலின் பெயர் அல்ல. ஜப்பானின் பல குற்றக் கும்பல்களைச் சேர்த்துச் சொல்லும் பொதுப்பெயர். அவற்றில் ஆகப் பெரியது கோபே நகரைத் தலைமையகமாகக் கொண்ட யமகுச்சி-குமி. இந்த உறுப்பினர்கள் பலர் முதுகு, மார்பு, தொடை என்று உடலின் பெரும்பகுதியில் டிராகன், கெண்டை மீன், பழைய வீரர்கள் என்று வரைந்துகொள்வது வழக்கமாக இருந்தது. கையால் ஊசி குத்தி வரையும் பாரம்பரிய முறையில் இது முடியப் பல ஆண்டுகள் ஆகும். காசும் அதிகம், வலியும் அதிகம். வலியைத் தாங்கினான் என்பதும், இனி சாதாரண வாழ்க்கைக்குத் திரும்ப முடியாது என்பதும்தான் அதன் பொருள்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்தப் பச்சை ஊருக்குக் காட்டுவதற்காக அல்ல. கோட் சூட் போட்டால் முழுதாக மறைந்துவிடும். மார்பின் நடுவே ஒரு பட்டையை வெறுமையாக விட்டுவிடுவார்கள். மேலங்கி சற்றே திறந்தாலும் எதுவும் தெரியாது. சட்டையைக் கழற்றும் இடத்தில்தான் உண்மை தெரியும். அதாவது, பொதுக் குளியலறையில்.

பலகையின் கதை அங்கிருந்து வருகிறது. ஜப்பானில் யாக்குசா உறுப்பினராக இருப்பதே குற்றம் என்று சட்டம் சொல்வதில்லை! 1992ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த சட்டம் சில கும்பல்களை 'வன்முறைக் கும்பல்' என்று பட்டியலிட்டுக் கண்காணிக்கிறது. அவர்கள் மிரட்டிப் பணம் கேட்டால் நடவடிக்கை எடுக்கிறது. 2011க்குள் எல்லா வட்டாரங்களிலும் வந்த விதிமுறைகள், அவர்களோடு வியாபாரம் செய்யும் கடைக்காரரையும் நிறுவனத்தையும் மடக்குகின்றன. ஆனால் "நான் உறுப்பினர்" என்று ஒருவர் சொன்னால் அதற்காக மட்டும் கைது செய்ய முடியாது. கும்பல் அலுவலகங்களின் வாசலில் பெயர்ப்பலகையே தொங்கிய காலம் உண்டு.

குளியலறை உரிமையாளர் என்ன செய்வார்? வாட்டசாட்டமான ஒருவரைப் பார்த்து "ஐயா, நீங்கள் யாக்குசாவா?" என்று கேட்க யாருக்குத் துணிச்சல் வரும்? அதனால் ஆளை விட்டுவிட்டுத் தோலைத் தடுத்தார்கள். மரியாதையான வழி என்று சொல்லலாம். கோழைத்தனமான வழி என்றும் சொல்லலாம். எப்படிச் சொன்னாலும் சட்டம் செய்யாத வேலையை அந்தப் பலகை செய்தது.

ஜப்பானியச் சுற்றுப்பயணத் துறை 2015இல் தங்குவிடுதிகளிடமும் ஹோட்டல்களிடமும் கேட்டது. பதில் சொன்ன சுமார் 600 இடங்களில் 56 விழுக்காடு பச்சை குத்தியவர்களை அனுமதிப்பதில்லை என்றன. 31 விழுக்காடு தடையில்லை என்றன. மறைத்துக்கொண்டு வந்தால் சரி என்றன மீதி 13 விழுக்காடு. இன்றும் நிலைமை இடத்துக்கு இடம் மாறும். கினோசாக்கி என்ற ஊரில் உள்ள ஏழு பொது வெந்நீர்க் குளியலிடங்களிலும் பச்சை குத்தியவர்கள் குளிக்கலாம். வேறு சில இடங்களில் சின்னதாக இருந்தால் ஒட்டுத்துணி போட்டு மறைத்துவிட்டு வரச் சொல்வார்கள். பயணத்துக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. வாசலில் நின்று வாக்குவாதம் செய்து பயனில்லை.

2013இல் நடந்த ஒன்று இந்தப் பலகையின் அபத்தத்தை ஜப்பானியர்களுக்கே காட்டியது. நியூஸிலந்திலிருந்து ஒரு மாவோரிப் பெண்மணி, பழங்குடி மொழிகள் குறித்த மாநாட்டுக்காக ஹொக்கைடோ வந்திருந்தார். முகத்தில் தம் இனத்தின் மரபுக்கேற்ற பச்சை. குளியலிடத்தில் உள்ளே விடவில்லை. ஹொக்கைடோ ஐனு பழங்குடியினரின் மண். ஐனு பெண்களும் ஒரு காலத்தில் வாயைச் சுற்றிப் பச்சை குத்திக்கொண்டவர்கள்தான். 1871இல் ஜப்பானிய அரசு அதைத் தடை செய்தது. தெற்கே ஒக்கினாவாப் பெண்கள் புறங்கையில் குத்திக்கொண்ட 'ஹஜிச்சி' என்ற கோலத்துக்கும் 1899இல் அதே கதி.

முதலில் குத்தியது அரசாங்கம்

இந்த இடத்தில் சற்றுப் பின்னால் போக வேண்டும். குற்றவாளிக்கும் பச்சைக்கும் முடிச்சுப் போட்டது குற்றவாளி அல்ல. அரசு.

1720 வாக்கில் ஜப்பானின் ஷோகுன் ஆட்சி, திருட்டு போன்ற குற்றங்களுக்குத் தண்டனையாகப் பச்சை குத்தத் தொடங்கியது. கையில் வளையம் போல் கோடுகள், சில வட்டாரங்களில் நெற்றியிலேயே குறி. அப்படிக் குறி வாங்கியவர்களில் சிலர் அதை மறைக்க அதன்மேல் அழகான படங்களை வரைந்துகொண்டார்கள். 1827இல் தொடங்கிக் குனியோஷி என்ற ஓவியர், சீனக் கதை ஒன்றில் வரும் 108 வீரர்களை மரக்கட்டை அச்சில் உடல் நிறையப் பச்சையோடு வரைந்து வெளியிட்டார். தோக்கியோவின் தீயணைப்பாளர்களும் கூலித் தொழிலாளர்களும் அந்தப் படங்களைத் தங்கள் முதுகில் ஏற்றிக்கொண்டார்கள். தண்டனை ஒரு பக்கம், அலங்காரம் ஒரு பக்கம் என்று இரண்டும் ஒன்றாகவே வளர்ந்தன.

தண்டனைப் பச்சை 1870இல் ஒழிந்தது. மேற்கத்தியர் முன்னால் நாகரிகமாகத் தெரிய வேண்டும் என்று 1872இல் அலங்காரப் பச்சைக்கும் தடை வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த மேற்கத்தியர்களே தேடிப் போய்க் குத்திக்கொண்டார்கள். 1881இல் ஜப்பான் சென்ற பிரிட்டிஷ் இளவரசர் ஒருவர் கையில் டிராகனோடு ஊர் திரும்பினார். பின்னாளில் அவர்தான் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர். நம் தாத்தாக்கள் சிங்கப்பூரில் செலவழித்த நீரிணைக் குடியேற்ற நாணயங்களில் இருப்பது அவர் தலைதான். டிராகன் தெரியாது, நாணயத்தில் கை வரை இடமில்லை. தடை 1948இல்தான் நீங்கியது. இடைப்பட்ட முக்கால் நூற்றாண்டில் சட்டத்துக்குப் பயப்படாதவர்களே அதிகம் குத்திக்கொண்டார்கள் என்பதில் வியப்பில்லை.

ஜப்பான் கதை இது, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். சிங்கப்பூருக்கு வந்த முதல் இந்தியக் கைதிகளின் கதையும் இதுவேதான்.

1825 ஏப்ரல். பென்கூலனிலிருந்து ஒரு கப்பல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தது. அதில் 80 கைதிகள், எல்லாரும் மதராஸைச் சேர்ந்தவர்கள். சில நாள் கழித்து வங்காளக் கைதிகள் 122 பேர் வந்தார்கள். அந்தக் காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி, ஆயுள் தண்டனை பெற்றவர்களின் நெற்றியில் பச்சை குத்தியது. வங்காளத்தில் 1797ஆம் ஆண்டு விதிமுறை அதைத் தெளிவாகவே சொல்கிறது. என்ன குற்றம், எந்தத் தேதி தீர்ப்பு, எந்த நீதிமன்றம் எல்லாம் நெற்றியில் எழுதப்பட வேண்டும். வடக்கே அதற்கு 'கோத்னா' என்று பெயர். மதராஸ் மாகாணத்திலும் அந்த வழக்கம் இருந்தது. 1849இல்தான் கைவிட்டார்கள்.

தலையெழுத்து என்று நாம் சும்மா சொல்கிறோம். அவர்களுக்கு அதைக் கம்பெனி சர்க்கார் ஊசியாலேயே எழுதிக் கொடுத்தது. தலைப்பாகையைப் புருவம் வரை இறக்கிக் கட்டிக்கொண்டு மறைத்தவர்கள் உண்டு.

அந்தக் கைதிகளின் கைதான் இன்றைய சிங்கப்பூரின் பாதி அடையாளத்தைக் கட்டியது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம், இன்று இஸ்தானாவாக இருக்கும் ஆளுநர் மாளிகை, சாலைகள், கால்வாய்கள். தேவாலயத்தின் உட்சுவரில் பூசியது முட்டை வெள்ளையும் வெல்லமும் தேங்காய் மட்டை ஊறிய நீரும் கலந்த மதராஸ் சுண்ணாம்பு. சிராங்கூன் சாலைப் பக்கம் செங்கல் சூளைகளில் வேலை செய்தவர்களும் அவர்கள்தான். 1873இல் கைதிகளை வைத்திருக்கும் ஏற்பாடு இங்கே முடிவுக்கு வந்தபோது பலர் திரும்பிப் போகவில்லை. இங்கேயே தொழில் செய்து, குடும்பமாகி, ஊரோடு கலந்துவிட்டார்கள். தண்டனை முடிந்தது. நெற்றி மட்டும் முடியவில்லை.

அதே காலத்தில் நம் பாட்டிமாரின் கையிலும் பச்சை இருந்தது என்பதை மறந்துவிடக்கூடாது. ஊருக்கு வரும் குறத்தி, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கோலம், தேள், புள்ளி என்று குத்திவிட்டுப் போவாள். நகையெல்லாம் கழற்றிவிடுவார்கள், செத்த பிறகும் கூட வருவது இது ஒன்றுதான் என்ற நம்பிக்கை பல ஊர்களில் இருந்தது. தேக்காச் சந்தையில் கீரை ஆயும் மூத்த பெண்களின் கையில் அந்தப் புள்ளிகளை நீங்களே பார்த்திருக்கலாம். அதைப் பார்த்து யாரும் "எந்த கேங்?" என்று கேட்டதில்லை. பேத்தி அதே கோலத்தைக் குத்திக்கொண்டு வந்தால் மட்டும் வீட்டில் இரண்டு நாள் பேச்சு நின்றுபோகிறது.

சிங்கப்பூரின் கதை: எண்களும் கொடிகளும்

சிங்கப்பூரில் குண்டர் கும்பல் என்றால் அதன் வேர் சீன ரகசியச் சங்கங்களில். கீ ஹின் போன்ற சங்கங்கள் 19ஆம் நூற்றாண்டில் புதிதாக வந்த தொழிலாளிக்கு வேலை, கடன், காவல், சவ அடக்கம் வரை எல்லாம் பார்த்தன. அதற்கு விலை விசுவாசம். தமிழர்கள் இதற்கு வெளியே இருந்தார்களா? இல்லை. 1867 ஆகஸ்ட்டில் பினாங்கில் பத்து நாள் நடந்த கலவரத்தில் கீ ஹின் பக்கம் வெள்ளைக்கொடி, எதிர்ப்பக்கம் சிவப்புக்கொடி என்ற இரண்டு முஸ்லிம் சங்கங்கள் இருந்தன. மலாய்க்காரர்களோடு தென்னிந்திய வம்சாவளியினரும் அவற்றில் இருந்தார்கள். கும்பல் இனம் பார்த்துத் தொடங்கலாம், இனத்தோடு நின்றுவிடுவதில்லை.

அந்தக் கலவரத்துக்குப் பிறகு 1869இல் முதல் கட்டுப்பாட்டுச் சட்டம். 1877இல் சீனர்களுக்கான பாதுகாவலர் அலுவலகம். அதன் முதல் அதிகாரி பிக்கரிங், 1887இல் கோடரியால் தாக்கப்பட்டார். 1890இல் சங்கங்களுக்கு முழுத் தடை. தடைக்குப் பிறகு சங்கங்கள் மறையவில்லை, சிதறின. பெயருக்குப் பதில் எண் வந்தது. 08, 18, 24, 36 என்று இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெருகிய கும்பல்களுக்கு எண்தான் முகவரி. சாலாகாவ் என்பது ஹொக்கியனில் 369. கையிலோ முதுகிலோ டிராகனும் எண்ணும் இருந்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். அந்தக் காலத்தில் பெற்றோர் பச்சையைப் பார்த்துப் பதறியதற்குக் காரணம் இருந்தது. அந்தப் பயத்தை நாம் சும்மா பழைய ஆட்களின் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது.

1955இல் குற்றவியல் சட்டம் (தற்காலிக விதிகள்) வந்தது. சாட்சி சொல்ல யாரும் முன்வராத வழக்குகளில், கும்பல் உறுப்பினர்களை விசாரணையின்றித் தடுத்துவைக்க அது வழிசெய்தது. 'தற்காலிக' என்ற சொல் இன்னும் பெயரில் இருக்கிறது. நாடாளுமன்றம் அதை ஐந்தைந்து ஆண்டாக நீட்டித்து வருகிறது. கடைசியாக 2024இல் நீட்டித்தது. அந்தச் சட்டத்தின்கீழ்த் தடுத்துவைக்கப்பட்டவர்களைக் கொண்டுதான் 1960இல் புலாவ் செனாங் தீவில் கம்பியில்லாச் சிறை ஒன்று தொடங்கப்பட்டது. 1963 ஜூலையில் கலவரம். கண்காணிப்பாளர் டேனியல் டட்டனும் அவருடைய அதிகாரிகள் சிலரும் கொல்லப்பட்டார்கள். அதற்காக 18 பேர் 1965இல் தூக்கிலிடப்பட்டார்கள்.

எல்லை தாண்டினால் கதை நமக்கு இன்னும் நெருக்கமாகிறது. 2013 ஆகஸ்ட்டில் மலேசிய உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. 04, 08, 36 என்று பழைய சீனச் சங்க எண்கள்தான். ஆனால் உறுப்பினர்களாகச் சொல்லப்பட்ட சுமார் 40,000 பேரில் 70 விழுக்காட்டினர் இந்தியர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் நகர ஓரத்துக்கு விரட்டப்பட்ட 1980களிலும் 90களிலும் இதற்கான விதை விழுந்தது. அந்தக் காலத்துச் சிறுவன் ஒருவன் எப்படிக் கும்பல் பக்கம் சாய்கிறான் என்பதை 2015இல் வந்த மலேசியத் தமிழ்ப் படம் 'ஜகாட்' சத்தமில்லாமல் காட்டியது. அரைமணி நேர உரையைவிட அந்தப் படம் உங்களுக்கு அதிகம் விளங்கவைக்கும்.

சரி, சிங்கப்பூரில் பச்சை குத்துவது குற்றமா?

இல்லை. சிங்கப்பூரில் பச்சை குத்திக்கொள்வது குற்றம் அல்ல. ஸ்காட்ஸ் சாலையில் ஃபார் ஈஸ்ட் பிளாசாவுக்குப் போய்ப் பாருங்கள், மாடிக்கு மாடி டாட்டூக் கடைகள்.

குற்றம் எது? சங்கங்கள் சட்டத்தின் 14ஆவது பிரிவின்கீழ், சட்டவிரோதச் சங்கம் ஒன்றில் உறுப்பினராக இருப்பதே குற்றம். அடிதடி எதுவும் செய்யாவிட்டாலும்கூட. 5,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சங்கத்தை நடத்துபவருக்குத் தண்டனை இன்னும் கூடுதல்.

இப்போது இரண்டு நாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜப்பானில் கும்பலில் இருப்பது குற்றமல்ல, ஆனால் பச்சையோடு குளிக்க முடியாது. சிங்கப்பூரில் பச்சையோடு எங்கே வேண்டுமானாலும் நீந்தலாம், ஆனால் கும்பலில் இருப்பதே சிறை. ஜப்பானில் சட்டம் விட்ட இடத்தை நிரப்ப ஒரு பலகை தேவைப்பட்டது. இங்கே சட்டம் நேரடியாக ஆளையே பிடிக்கிறது. அப்படியிருக்க, நாம் ஏன் இன்னும் தோலைப் படித்துக்கொண்டிருக்கிறோம்?

பச்சை ஒரு தடயமாக உதவுவது உண்மை. 2017இல் தாய்லந்தின் தெருவோரத்தில் காய் நகர்த்தி விளையாடிக்கொண்டிருந்த ஒரு முதியவரின் படம் ஃபேஸ்புக்கில் பரவியது. சட்டையில்லாத உடம்பு முழுக்க யாக்குசாப் பச்சை. சுண்டுவிரலில் ஒரு துண்டு இல்லை. ஜப்பானில் 2003இல் நடந்த கொலைக்காகத் தேடப்பட்டவர் அவர் என்று தெரிந்து, 2018 ஜனவரியில் தாய்லந்துக் காவல்துறை கைது செய்தது. ஆனால் அவரைத் தேட வேறு காரணம் ஏற்கெனவே இருந்தது. பச்சை அவரை அடையாளம் காட்டியது, அவ்வளவுதான். அவர் செய்த குற்றத்துக்கு அது ஆதாரம் அல்ல.

அந்த வித்தியாசம் தொலைந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா 2025 மார்ச்சில் காட்டியது. கும்பல் உறுப்பினர்கள் என்று சொல்லி 200க்கும் அதிகமான வெனிசுவேலாக்காரர்களை எல் சல்வடோரின் பெருஞ்சிறைக்கு விமானத்தில் அனுப்பியது. அதிகாரிகள் பயன்படுத்திய மதிப்பெண் தாளில் எட்டுப் புள்ளி வந்தால் உறுப்பினர். பச்சைக்கு மட்டும் நான்கு புள்ளி. அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் முன்னாள் காற்பந்து வீரர். அவர் கையில் பந்தின் மேல் ஒரு கிரீடம். அது ரியால் மட்ரிட் சின்னத்தைப் பார்த்துப் போட்டது என்றார் அவருடைய வழக்கறிஞர். இன்னொருவர் காலில் இருந்தது மதியிறுக்க விழிப்புணர்வு ரிப்பன், தம் தம்பிக்காகக் குத்தியது. ஜூலையில்தான் அவர்கள் சொந்த நாட்டுக்குத் திரும்ப முடிந்தது.

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை நடந்து பாருங்கள். காவடி தூக்கும் இளையர்களின் முதுகிலும் தோளிலும் வேல், மயில், ஓம், அம்மாவின் பெயர். ஒரு மதிப்பெண் தாளோடு அங்கே ஒருவரை நிறுத்தினால் அவருக்கு எத்தனை 'உறுப்பினர்' கிடைப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கும்பல் இப்போது எங்கே இருக்கிறது?

பச்சையை நம்பித் தேடினால் இனி ஆள் கிடைக்கமாட்டார் என்பது இன்னொரு சங்கதி. 1963இல் யாக்குசா உறுப்பினர்கள் சுமார் 184,000 பேர். 2024 இறுதியில் 18,800. முதல்முறையாக 20,000க்குக் கீழே. வங்கிக் கணக்கு திறக்க முடியாது, வாடகைக்கு வீடு கிடைக்காது, இளையர்கள் சேரமாட்டேன் என்கிறார்கள்.

அந்த இடத்துக்கு வந்திருப்பவர்களை ஜப்பானியக் காவல்துறை 'தொக்குரியு' என்கிறது. பெயர் தெரியாத, நிலையாக ஓரிடத்தில் இல்லாத கும்பல் என்று அர்த்தம். சமூக ஊடகத்தில் "எளிதான வேலை, அன்றே சம்பளம்" என்று விளம்பரம் போட்டு ஆள் பிடிப்பார்கள். கொள்ளையடிக்கப் போகிறவனுக்குத் தன் தலைவன் யாரென்றே தெரியாது. 2022, 2023இல் ஜப்பானை உலுக்கிய ஒரு கொள்ளைத் தொடரை, பிலிப்பீன்ஸின் தடுப்பு முகாமில் இருந்துகொண்டே கைத்தொலைபேசியில் இயக்கியதாக நால்வர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அங்கே சபதமும் இல்லை, சுண்டுவிரலும் இல்லை, டிராகனும் இல்லை.

நம் ஊரிலும் அப்படித்தான். 2024இல் மோசடிகளில் சிங்கப்பூரர்கள் இழந்தது குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி. 2023 ஆகஸ்ட்டில் அம்பலமான 3 பில்லியன் வெள்ளிக் கள்ளப்பண வழக்கில் சிக்கிய பத்து வெளிநாட்டவரும் ஆடம்பர வீடுகளில் வாழ்ந்தவர்கள். அக்கம்பக்கத்தில் யாரும் அவர்கள் முழங்கையை உற்றுப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

உங்கள் மகனுக்கு வரும் ஆபத்து அவன் கையில் இருக்கும் புலியில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் "உன் வங்கிக் கணக்கை ஒரு வாரத்துக்குக் கொடு, 500 வெள்ளி தருகிறேன்" என்று டெலிகிராமில் வரும் செய்தியில் நிச்சயம் இருக்கிறது. யாரோடு சுற்றுகிறான், கையில் திடீரென்று காசு எப்படி வந்தது, எந்தக் குழுவின் பெயரைச் சொல்லி யாரைப் பயமுறுத்துகிறான் என்பதைக் கேளுங்கள். கேங்கில் சேர்ந்துவிட்டான் என்று தெரிந்தால் இளையர்களை வெளியே கொண்டுவர 1997 முதல் ஸ்திரீட்வைஸ் என்ற திட்டம் இருக்கிறது. ஆலோசனை, குடும்பத்தோடு பேச்சு, ஆறு மாதம். சீக்கிரம் போனால் வழக்குக்கு முன்பே வழி பிறக்கலாம்.

வெளியே வந்தவருக்கு?

எனக்கு இதில் ஆகக் கனமாகப் படுவது இந்தக் கேள்விதான். ஜப்பானில் யாக்குசாவை விட்டு விலகிய பிறகும் ஐந்தாண்டுக்கு அவரை உறுப்பினராகவே நடத்துவார்கள். வங்கிக் கணக்கு இல்லை, கணக்கு இல்லாததால் சம்பள வேலை இல்லை. திருந்தி வந்தவனைப் பசி திரும்பக் கொண்டுபோய் விடும் என்று அங்கேயே விமர்சனம் இருக்கிறது.

சிங்கப்பூரில் சட்டம் இதைவிடக் கொஞ்சம் இளகியது. மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறை அல்லது 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதம் பெற்றவர், ஐந்தாண்டு புதிய குற்றம் எதுவும் செய்யாவிட்டால் அவருடைய குற்றப் பதிவு கழிந்ததாகக் கருதப்படும். அதில் சேராத குற்றங்களும் சில உண்டு. சிறையிலிருந்து வருபவர்களுக்கு இரண்டாம் வாய்ப்புக் கொடுங்கள் என்று 2004 முதல் மஞ்சள் ரிப்பன் திட்டம் சொல்லிவருகிறது.

பதிவு கழிந்துவிடும். கழுத்தில் இருக்கும் எண் கழியாது. நேர்காணலுக்குப் போகிறவர் காலர் பொத்தானைக் கடைசி வரை போட்டுக்கொண்டு போகிறார், அன்று தலைப்பாகையை இறக்கிக் கட்டியவரைப் போல.

முதலாளி அவரைப் பச்சைக்காக நிராகரித்தால் சட்டம் துணைக்கு வருமா? 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம் வயது, இனம், சமயம், குடியுரிமை, பால், திருமண நிலை, கர்ப்பம், குடும்பப் பராமரிப்பு, மொழி, உடற்குறை, மனநலம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் பச்சை இல்லை. பழைய குற்றப் பதிவும் இல்லை. ஆகவே இது முழுக்க முழுக்க முதலாளியின் கண்ணைப் பொறுத்த விஷயம். சில துறைகள் மாறத் தொடங்கிவிட்டன. ஏர் நியூஸிலந்து 2019 செப்டம்பரிலிருந்து ஊழியர்கள் பச்சையை வெளியே தெரியவிட அனுமதிக்கிறது. ஜப்பானிலோ 2012இல் ஒசாக்கா மேயர் 30,000க்கும் அதிகமான நகராட்சி ஊழியர்களிடம் "உடம்பில் பச்சை இருக்கிறதா?" என்று எழுதிக் கேட்டார். சுமார் 110 பேர் இருக்கிறது என்றார்கள். பொதுமக்கள் கண்ணில் படாத வேலைக்கு அவர்களை மாற்றுவோம் என்ற பேச்சு வந்தது. ஆனால் அதே ஒசாக்காவைச் சேர்ந்த டாட்டூக் கலைஞர் ஒருவர், மருத்துவ உரிமம் இல்லாமல் பச்சை குத்தினார் என்ற குற்றச்சாட்டை எதிர்த்துப் போராடி 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வரை வென்றார். பச்சை குத்துவது மருத்துவம் அல்ல என்றது நீதிமன்றம்.

அழித்துவிடலாமே என்பீர்கள். அழிக்கலாம், லேசர் இருக்கிறது. ஒரே நாளில் முடியாது. பல அமர்வுகள், ஒவ்வொன்றுக்கும் இடையே பல வாரம். கறுப்பு மை ஓரளவு எளிதில் உடையும். பச்சை, மஞ்சள் நிறங்கள் பிடிவாதம் பிடிக்கும். தழும்பும் நிற்கலாம். குத்தும்போது கொடுத்த காசைவிட அழிக்க அதிகம் போகும். பலர் இதனால் பழைய எண்ணின் மேல் பெரிய பூவோ மீனோ வரைந்து மூடிக்கொள்கிறார்கள், முந்நூறு ஆண்டுக்கு முன் ஜப்பானியக் கைதிகள் செய்த அதே வேலை.

நீங்கள் ஆள் எடுக்கும் இடத்தில் இருந்தால், அடுத்த முறை அப்படியொரு பெரிய மீன் சட்டைக்கைக்கு வெளியே எட்டிப் பார்க்கும்போது, அடியில் என்ன இருந்தது என்று நேராகவே கேளுங்கள். சொல்லத் தயாராக இருப்பவர்கள் நிறைய பேர்.